தொங்கும் எக்காளப் பூ: ப்ரக்மான்சியா வளர்க்க வருபவர்களுக்கு

மூன்று செடி செத்தது. ஒரு பொட்டலம் விதை ஊமத்தையாக முளைத்தது. ஒரு நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் என் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நான்காவது செடிதான் பூத்தது. இவ்வளவும் ஆக இரண்டரை வருஷம். உங்களுக்கு அது எட்டொன்பது மாதத்தில் முடிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செடியைப் பற்றி நாலு வரி. ப்ரக்மான்சியா என்பது கத்தரி, தக்காளி, மிளகாய், ஊமத்தை எல்லாம் சேர்ந்த குடும்பத்துப் புதர்ச்செடி. ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஒரு அடி நீளப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். பொழுது சாய்ந்ததும் மணக்கும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் போனவர்கள் ஓடைக்கரையிலும் வேலியோரத்திலும் வெள்ளையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ‘இதுவா அரிய செடி?’ என்று கேட்டால், ஆமாம். சொந்த ஊர் தென் அமெரிக்கா. மொத்தம் ஏழு இனம். ஏழுமே ‘இயற்கையில் அற்றுப்போனவை’ என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இருக்கின்றன. மனிதர்கள் கிளையை வெட்டி வெட்டி நட்டதால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்களும் அப்படித்தான் நடப்போகிறீர்கள். விதை வேண்டாம், வெளிநாட்டுப் பார்சல் வேண்டாம், ஒரு சாண் குச்சி போதும்.

நான் இருப்பது கோயம்புத்தூர், மொட்டைமாடித் தோட்டம். அதனால் நீலகிரிக் கணக்கில் சொல்கிறேன். மதுரை, திண்டுக்கல் பக்கம் இருப்பவர்கள் கொடைக்கானல் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

வழக்கமாக விஷத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி போடுவார்கள். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டுச் சிலர் வேண்டாம் என்று விட்டுவிடலாம். விட்டுவிட்டால் நல்லதுதான்.

வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாமே விஷம். ஊமத்தையில் இருக்கும் அதே சரக்குகள்: ஸ்கோபோலமைன், அட்ரோபின், ஹையோசயமின். உள்ளே போனால் வாய் வறளும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், கண்மணி விரியும், சிறுநீர் வராது, இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பிப்பார்கள். உயிரும் போகலாம். எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருந்தாலோ, செடி மெல்லும் நாய், ஆடு, மாடு இருந்தாலோ சில வருஷம் தள்ளிப் போடுங்கள். மறதி வந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் அதேதான்.

இன்னொன்று. மூச்சிழுப்புக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கிற பழைய கைவைத்தியம் சில வீடுகளில் இன்னும் உண்டு. ‘இதுவும் ஊமத்தைச் சாதிதானே’ என்று யாராவது இந்த இலையைப் பறித்துப்போக வருவார்கள். தராதீர்கள்.

சரி, என் ஸ்கேன் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெறுங்கையால் கிளையைக் கழித்தேன். வேர்த்தது, வலது கண்ணைத் துடைத்தேன். அரை மணி நேரத்தில் செல்போன் எழுத்து மங்கியது. கண்ணாடியில் பார்த்தால் வலது கண்மணி மிளகு மாதிரி பெரிதாக, இடது கண்மணி கடுகு மாதிரி சின்னதாக இருக்கிறது. வீட்டில் பயந்துவிட்டார்கள். ஒரு கண்மணி மட்டும் விரிந்தால் மூளையில் ஏதாவதா என்று பார்ப்பதுதான் டாக்டர்களின் முறை. அதில் தப்பே இல்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ராத்திரி முழுக்கக் கண்காணிப்பு என்று ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. காலையில் வந்த கண் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: “நேத்து என்ன செடியைத் தொட்டீங்க?” இரண்டு நாளில் தானாகச் சரியானது. நான் போனதுமே செடிப் பெயரைச் சொல்லியிருந்தால் அவர்களுக்கும் பாதி வேலை மிச்சம்.

அதனால், ரப்பர் கையுறை இல்லாமல் வெட்டாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கத்தரியையும் கழுவுங்கள். தொட்டியில் பெயர் எழுதிய அட்டை ஒன்று குத்தி வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன், மோர் கொடுக்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாமல் 108க்குச் சொல்லுங்கள். போகும்போது ஒரு இலையைக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

2. உங்கள் ஊருக்கு எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

என் முதல் செடி செத்தது இதில்தான். படத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூவைப் பார்த்து மயங்கி, மலையிலிருந்து ஒரு கன்று வாங்கி வந்தேன். அது சாங்குயினியா என்ற இனம். ஆண்டிஸ் மலையில் ரொம்ப உயரத்துச் செடி. ராத்திரி குளிராக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. கோவை ஏப்ரலில் பதினைந்து நாளில் கருகியது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே வளரும். சமவெளியில் யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். போதாக்குறைக்கு அந்தச் சிவப்புப் பூவுக்கு வாசனையும் கிடையாது. அதைத் தேடி வருவது தேன்சிட்டு மாதிரியான ஒரு குட்டிப் பறவை; ராத்திரி வரும் அந்துப்பூச்சி இல்லை. பறவைக்கு எதற்கு வாசனை?

சமவெளிக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று சுவாவியோலென்ஸ், நீலகிரியில் பரவலாகப் பார்க்கும் வெள்ளை இதுதான். இன்னொன்று வெர்சிகலர், ஈக்வடாரின் தாழ்வான, வெப்பமான பகுதியிலிருந்து வந்தது, ஏழில் வெயிலைக் கொஞ்சம் தாங்குவது. வெள்ளையாக விரிந்து ஓரிரு நாளில் பீச் பழ நிறத்துக்கு மாறும். இவற்றின் கலப்பினங்களும் நர்சரியில் கிடைக்கும், அடுக்குப் பூவும் உண்டு. முதல் செடியாகச் சாதாரண வெள்ளையை வாங்குங்கள். அதை ஒரு கோடை தாண்ட வைத்துவிட்டு நிறத்துக்குப் போகலாம்.

3. பெயரில் ஏமாறாதீர்கள்

நர்சரியில் ‘ஏஞ்சல் ட்ரம்பெட்’ என்பார்கள், சிலர் ‘டட்டூரா’ என்பார்கள். ஆன்லைனில் விதை விற்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். நான் 10 விதை 350 ரூபாய்க்கு வாங்கினேன். ஆறு முளைத்தன. ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றினால், மூன்று மாதத்தில் ஊதா நிறப் பூ வானத்தைப் பார்த்து விரிந்தது. கரு ஊமத்தை! சிவன் கோயில் பக்கத்துக் காலி மனையில் சும்மா கிடைப்பது. பறித்துக் கோயிலுக்கே கொடுத்துவிட்டேன்.

வித்தியாசம் எளிது. ஊமத்தைப் பூ மேலே பார்க்கும், காயில் முள் இருக்கும், தண்டு பச்சையாக இளசாக இருக்கும். ப்ரக்மான்சியா பூ கீழே தொங்கும், காய் முள் இல்லாமல் வழவழப்பாக இருக்கும், தண்டு மரம் மாதிரி முற்றும்.

உண்மையான ப்ரக்மான்சியா விதையே கிடைத்தாலும் முதல் செடிக்கு அது வேண்டாம். தக்கை மாதிரித் தோல் உள்ள விதை, முளைக்கவே வாரக்கணக்கில் ஆகும், பூக்க வருஷக்கணக்கு. வரும் பூ தாய்ச்செடி மாதிரி இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

4. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது: காகிதங்களைப் படித்துவிட்டு ஆசைப்படுங்கள்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே பித்துப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். விதவிதமான நிறம், நாலடுக்குப் பூ. படத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். நான் குச்சிகளுக்கும் தபாலுக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய் அனுப்பினேன். வந்தது குச்சி இல்லை, ‘பறிமுதல் செய்து அழிக்கப்பட்டது’ என்ற கடிதம். தப்பு என்னுடையதுதான்.

இந்தியாவுக்குள் நடவுக்கான எந்தச் செடியும் விதையும் வருவதற்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை பொருந்தும். அதன்படி மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, இறக்குமதி அனுமதி. மத்திய அரசின் தாவரத் தொற்றுத்தடைத் துறையிடம் நீங்கள் முன்கூட்டியே வாங்க வேண்டும். பார்சல் கிளம்பிய பிறகு வாங்குவது உதவாது. இரண்டு, அனுப்புகிற நாட்டு அரசு தரும் பைட்டோசானிட்டரி சான்றிதழ், அதாவது ‘இந்தச் செடியில் பூச்சி நோய் இல்லை’ என்ற தாவர நலச் சான்று. விற்கிறவர் தன் லெட்டர்பேடில் எழுதித் தருவது செல்லாது. மூன்று, வேரில் துளி மண் இருக்கக் கூடாது.

இதெல்லாம் இருந்தாலும் இன்னொரு கதவு இருக்கிறது. எந்தச் செடி எந்த நாட்டிலிருந்து எந்த நிபந்தனையில் வரலாம் என்று அந்த ஆணையில் அட்டவணைகள் உண்டு. நீங்கள் கேட்கும் செடி அதில் இல்லாவிட்டால் முதலில் பூச்சி அபாய ஆய்வு நடக்க வேண்டும். இரண்டு குச்சிக்காகத் தனி ஆள் செய்துவிடக்கூடிய வேலை இல்லை அது. அட்டவணையில் இருந்தாலும் நடவுச் செடிகளை வந்தபின் தனியே வளர்த்துக் கண்காணிக்கச் சொல்லலாம். அதற்குச் சான்று பெற்ற இடம் வேண்டும்.

முக்கியமான பொறி இது: ‘கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறோம், மாட்டாது’ என்று விற்கிறவர் சொல்வார். அது கடத்தல். பார்சலில் உங்கள் பெயரும் விலாசமும்தான் இருக்கும், அவருடையது இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் பெட்டியில் போட்டு எடுத்துவரச் சொல்வதும் அப்படித்தான். அப்படி வரும் குச்சியோடு ஒட்டி வரும் நோய்கள் நம் உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் தொற்றக் கூடியவை. விவசாயிகள் வயிற்றில் அடித்துவிட்டு மாடியில் பூ பார்ப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

5. மலைக்கு எப்போது போவது, என்ன எடுத்துப் போவது

நல்ல நேரம் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. கீழே வெயில் தணிந்திருக்கும், குச்சி வேர் விட வசதி. அக்டோபர், நவம்பரில் மழை வலுத்தால் மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மண் சரியும், மலை ரயிலும் நிறுத்தப்படும். முந்தின நாள் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல், மே சீசனில் போகாதீர்கள். கூட்டம் ஒரு பக்கம், கொண்டு வரும் குச்சி வீடு சேர்வதற்குள் வாடிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. காசு கிடையாது. அரசின் இ-பாஸ் தளத்தில் கைபேசி எண், வண்டி எண், போகும் தேதி, வரும் தேதி, தங்கும் இடம் கொடுத்தால் உடனே வரும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். விதி அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போனால் பாஸ் தேவையில்லை. நான் பேருந்தில்தான் போகிறேன். குச்சிக் கட்டுக்குத் தனி டிக்கெட் கேட்டதில்லை.

கேரி பேக், தண்ணீர் பாட்டில் எதையும் நம்பிப் போகாதீர்கள். ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக் நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் பை திறந்து பார்ப்பார்கள், அபராதம் உண்டு. பைக்குள் நான் வைப்பது: பழைய செய்தித்தாள், ஈரம் தாங்கும் பருத்தித் துணி, நீளமான துணிப்பை, கையுறை, நல்ல கூரான கத்தரி, ஒரு மார்க்கர் பேனா. ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர்.

6. யாரிடம் கேட்பது, எங்கே வெட்டுவது

கேட்டால் கொடுப்பார்கள். எனக்கு இது தெரியாமல் இரண்டு வருஷம் போனது. வேலியோரம் செடி நிற்கும் வீட்டில் கதவைத் தட்டி, “அக்கா, இதுல ஒரு குச்சி கிடைக்குமா?” என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே வெட்டித் தருகிறார்கள். இல்லாவிட்டால் குன்னூர், ஊட்டி, கோத்தகிரி நர்சரிகளில் விசாரியுங்கள். நான் போனபோது சின்னக் கன்று 120 ரூபாய், பூ விட்ட பெரிய தொட்டி 450 ரூபாய். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளின் விற்பனைக் கவுன்டரிலும் கேட்டுப் பார்க்கலாம், எப்போதும் இருக்காது.

செய்யக் கூடாதது இரண்டு. அரசுத் தாவரவியல் பூங்கா, சிம்ஸ் பூங்கா மாதிரி இடங்களில் கை வைக்காதீர்கள். காப்புக்காட்டு எல்லைக்குள் ஓடைக்கரையில் நிற்பதையும் ஒடிக்காதீர்கள். வனத்துறைக்கு அது காட்டுச்செடியா, தோட்டத்திலிருந்து தப்பி வந்ததா என்ற கணக்கெல்லாம் கிடையாது.

இப்போது மொத்தக் கட்டுரையிலும் முக்கியமான இடம். குன்னூரில் ஒரு வீட்டுத் தோட்டக்காரப் பெரியவர் சொல்லிக் கொடுத்தது. நான் அடியில் தடியாக ஒரு கொம்பை வெட்டப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். “அங்க வெட்டினீங்கன்னா பூவுக்கு ஒரு வருஷம் காத்துக் கிடக்கோணும் தம்பி. கவட்டைக்கு மேல வெட்டுங்க.”

செடியை அடியிலிருந்து கண்ணால் தொடர்ந்து போங்கள். ஒற்றைத் தண்டாக நேரே ஏறும். ஒரு இடத்தில் உண்டிவில் மாதிரி இரண்டாகப் பிரியும். அந்தக் கவட்டைக்குக் கீழே பூ வராது, மேலேதான் வரும். மேலே உள்ள கிளைக்குத் தான் பூக்கும் வயது வந்துவிட்டது என்பது நினைவிருக்கும். அதை வெட்டி நட்டால் மறுபடி வளர்ந்து கவட்டை விடும்வரை காத்திருக்க வேண்டாம், சில மாதத்தில் மொட்டு வரும். கீழ்த்தண்டை நட்டால் செடி உயரமாக, மரம் மாதிரி வரும், பூவுக்குத்தான் தாமதம். மாடித் தொட்டிக்கு மேல்கிளைதான் சரி.

வெட்டிக் குவித்த குச்சியில் எது மேல், எது கீழ் என்று தெரியாவிட்டால் இலையைப் பாருங்கள். இலையின் இரண்டு பாதியும் காம்பில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் அது கீழ்த்தண்டு இலை. ஒரு பாதி கொஞ்சம் மேலே, இன்னொரு பாதி கொஞ்சம் கீழே என்று கோணலாகச் சேர்ந்தால் அது பூக்கும் கிளை. முதலில் கண்ணுக்குப் பிடிபடாது. நாலு இலையைத் திருப்பிப் பார்த்தால் பிறகு மறக்காது. நர்சரியில் கன்று வாங்கும்போதும் இதைப் பாருங்கள். கடைக்காரர் “பூக்கிற செடிதாங்க” என்று சொல்வதைவிட இலை சொல்வது நம்பகமானது.

சுண்டுவிரல் தடிமன், ஒரு சாண் நீளம், கொஞ்சம் முற்றிய பழுப்பு நிறம். இளம்பச்சை நுனி அழுகிவிடும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மேல் நுனியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வீட்டுக்கு வந்து தலைகீழாக நட்டவர்களில் நானும் ஒருவன். ஐந்தாறு குச்சியாவது எடுங்கள், எல்லாம் பிழைக்காது.

7. கீழே கொண்டு வருவது

பெரிய இலைகளைக் கழித்துவிட்டு நுனியில் இரண்டை மட்டும் விடுங்கள், அதையும் பாதியாக வெட்டுங்கள். வெட்டுவாயை ஈரத்துணியில் சுற்றி, மேலே செய்தித்தாள், அப்புறம் துணிப்பை. இரண்டு நாள் தாராளமாகத் தாங்கும். பேருந்தில் காலடியில் வையுங்கள், பக்கத்து சீட்டுக் குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

மண் மட்டும் கொண்டு வராதீர்கள். 1961இல் நீலகிரியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள், இன்றுவரை ஒழியவில்லை. அது மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தக்காளி, கத்தரி வேரிலும் பிழைக்கும். மலையிலிருந்து தொட்டியோடு கன்று வாங்கினால் அங்கேயே மண்ணை உதிர்த்து வேரை அலசி, தென்னை நார்க்கழிவில் சுற்றி எடுத்து வாருங்கள். நர்சரிக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

8. வேர் பிடிக்க வைப்பது

தண்ணீரில் வைத்தாலும் வேர் விடும். கண்ணாடிக் குவளையில் வைத்து ஒரு வாரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வருவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர்ச் சூட்டில் தண்ணீர் சீக்கிரம் கெடுகிறது. எனக்கு இரண்டாவது, மூன்றாவது செடிகள் அப்படி அழுகித்தான் போயின. நார்க்கழிவும் ஆற்று மணலும் சரிபாதி கலந்து, அடியில் ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டையிலோ சின்னத் தொட்டியிலோ இரண்டு கணு உள்ளே போகும்படி நடுங்கள். நார்க்கழிவை முதல் நாளே ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்துவிடுங்கள். நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். ஈரம் இருக்கலாம், சொதசொதப்பு கூடாது. மூன்று, நான்கு வாரத்தில் புது இலை வரும். உடனே பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சியில் இருந்த சத்திலேயே முதல் இலை விடும், வேர் இன்னும் இருக்காது. லேசாக இழுத்தால் எதிர்த்து நிற்க வேண்டும், அப்போதுதான் தொட்டி மாற்றலாம்.

9. தொட்டி, தண்ணீர், தீனி

குறைந்தது 18 அங்குலத் தொட்டியோ பையோ. செம்மண், மக்கிய சாணம், நார்க்கழிவு சம அளவு. காலை வெயில் படட்டும், 11 மணிக்கு மேல் நிழல் வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் அருமையான இடம்.

இது பெருந்தீனிக்காரச் செடி. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறேன். நாற்றம் அடிக்கும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஊற்றுங்கள். இலை மட்டும் கொழுத்து மொட்டு வராவிட்டால் புண்ணாக்கைக் குறைத்து, மாதம் ஒரு தடவை ஒரு கை மரச்சாம்பல் தூவிப் பாருங்கள்.

தண்ணீரும் நிறையக் கேட்கும். கோடையில் இரண்டு வேளை. இதில் ஒரு பொறி உண்டு. மத்தியானம் இலையெல்லாம் துவண்டு தொங்கும். ஐயோ தாகம் என்று ஊற்றாதீர்கள், முதலில் மண்ணுக்குள் விரலை விடுங்கள். ஈரம் இருந்தால் அது தாகம் இல்லை, சூடு. சாயங்காலம் தானாக நிமிரும். தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஊற்றி ஊற்றியே வேரை அழுக வைத்தார், ஒரு குச்சியும் மிஞ்சவில்லை.

பூச்சிகளுக்கு இந்த இலை ரொம்பப் பிடிக்கும். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, வெயில் காலத்தில் சிலந்திப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம் படும்படி சாயங்காலத்தில் அடியுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய்த் தொட்டிகளைத் தள்ளி வையுங்கள், பூச்சியும் வைரஸும் இரண்டு பக்கமும் போய் வரும். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள் கை கழுவாமல் தொடக் கூடாது. புகையிலையும் இதே குடும்பம், அதன் தேமல் நோய் கைவழியே வரும்.

10. பூ எப்போது, கவாத்து எப்போது, மொத்தம் எவ்வளவு

நவம்பரில் நட்ட குச்சி எனக்கு அடுத்த ஜூலை கடைசியில், மழைக் காற்று வந்ததும் மொட்டு விட்டது. சமவெளியில் ஏப்ரல், மேயில் பூவை எதிர்பார்க்காதீர்கள். அந்த இரண்டு மாதமும் செடி உயிரோடு இருந்தாலே போதும். மொட்டு முதலில் பச்சைப் பையில் போட்ட மிளகாய் மாதிரி நீளும். ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு முறுக்கு விட ஆரம்பிக்கும், ஏழரைக்கு விரிந்திருக்கும். ஓரத்தில் ஐந்து வால் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். வாசனை எட்டு மணிக்கு மேல்தான். ஒரு பூவுக்கே மாடி முழுக்க மணக்கும். படுக்கையறை சன்னலுக்கு அடியில் வைத்தால் சிலருக்குத் தலை வலிக்கும், எங்கள் மாமியாருக்கு வலித்தது. காலையில் வாசனை போய்விடும், பூ மூன்று நான்கு நாள் தொங்கும். உதிர்ந்ததை அப்போதைக்கப்போது பொறுக்குங்கள், பார்க்க அழகாக இருப்பதால் குழந்தைகள் எடுப்பார்கள்.

கவாத்து பிப்ரவரி கடைசியில், கோடைக்கு முன். கவட்டைக்கு மேல் ஒரு சாண் விட்டுத்தான் வெட்ட வேண்டும். கவட்டைக்குக் கீழே வெட்டினால் பழைய கதைதான், முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். கழித்த கிளையைத் தெருவில் போடாதீர்கள், ஆடு மாடு மேயும். எரிக்கவும் வேண்டாம். குழி தோண்டிப் புதைத்து விடுங்கள்.

செலவு: பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் 400, பை, மண், நார்க்கழிவு, உரம் எல்லாம் 550, கையுறை 60. குச்சி இனாம். ஆயிரத்துச் சொச்சத்தில் முடிகிற வேலைக்கு நான் ஊமத்தை விதை, அழிந்த பார்சல், செத்த கன்றுகள், ஸ்கேன் என்று பன்னிரண்டாயிரம் தொட்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் கழிக்கும்போது நல்ல குச்சிகள் குறைந்தது பத்து வரும். கேட்டவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டி, மேல் எது என்று கோடு போட்டு, ‘விஷம், கண்ணில் படக் கூடாது’ என்று எழுதிக் கொடுங்கள். நான் சீட்டில் வெட்டிய தேதியையும் எழுதுகிறேன். பிப்ரவரியில் கொண்டுபோனவர்கள் குச்சியை ஜூன் வரைக்கும் நிழலைவிட்டு எடுக்கக் கூடாது.